வாசலில் கழற்றி வைத்த கால்

மைசூர் விஜயநகர் பூங்காவில் தினமும் காலையில் பென்ஷன்காரர்கள் ஒரு கூட்டமாகச் சுற்றிச் சுற்றி நடப்போம். ஒருவர் வங்கி, ஒருவர் மின்வாரியம், இன்னொருவர் ஹெப்பாளில் ஏதோ தொழிற்சாலை. புதிதாகச் சேர்ந்தவர் யாராவது "சாருக்கு எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டால், "கால் செய்துகொண்டிருந்தேன்" என்பேன். கேட்டவர் நடையையே நிறுத்திவிடுவார். பிறகுதான் விளக்கம் சொல்வேன். ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் செயற்கைக் கால், கை செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. நீங்கள் எல்லாம் பைலை நகர்த்திச் சம்பளம் வாங்கினீர்கள், நான் ஆளை நகர்த்திச் சம்பளம் வாங்கினேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்வதும் உண்டு.

போன மாதம் அந்தப் பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண் கெட்டிக்காரி. துண்டிக்கப்பட்ட காலைச் சுற்றி ஒரு கேமராவைக் கொண்டுபோனால் போதும், அளவு முழுதும் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது என்று போனில் காட்டினாள். "அங்கிள், நீங்கெல்லாம் கையிலயே தடவிப் பாத்து அளவு எடுத்தீங்களாமே, நிஜமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் கருவியைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் காலத்தில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய புண்ணைத் தவிர்த்திருக்கலாம்! அளவைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தும் தோற்றுப்போன ஒரு காலைப் பற்றிச் சொன்னேன். டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசிவிட்டேன். அதை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள் என்று இருவரும் கேட்டதால் எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நானும் ரயில்வேக்குத்தான் போவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ரயில்வேயைத் தவிர. தச்சு வேலை படித்துவிட்டுச் சும்மா இருந்தவனை இந்தப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியூரில் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்த பிறகும் வெகுநாள் மாவு குழைக்கிற வேலைதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிற சாந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் துணிச்சுருளை நனைத்துக் கொடுப்பேன். வீட்டுக்குப் போனால் வெள்ளையடிக்கிற ஆள் என்று தெருவில் நினைத்தார்கள். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் என்றால் பட்டறையின் தலைவர் உத்தப்பா சார்தான். குடகுக்காரர், ராணுவத்தில் இருந்து வந்தவர். தமிழ் ஆட்களோடு முகாமில் இருந்து கற்றுக்கொண்ட தமிழில் பேசுவார். அதில் மரியாதை விகுதியே கிடையாது. மந்திரியாக இருந்தாலும் 'மேன்'தான். பளபளவென்று பாலீஷ் போட்ட பூட்ஸோடு காலையில் உள்ளே வருவார், மாலையில் அதே பளபளப்போடு வெளியே போவார். பட்டறைத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினால் கூரை பறக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கால் வாங்கிப் போனவர் சில மாதம் கழித்து வந்தால், சௌக்கியமா என்று கேட்க மாட்டார். முதலில் காலைக் கழற்றச் சொல்வார். அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்த் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, விரல் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கட்டைவிரலால் மெதுவாகத் தடவுவார். அதுவரை நோயாளி வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பஸ் கண்டக்டரின் கால், வெளிப்பக்கம் மட்டும் கரைந்துபோய் வந்தது. "நீ நடக்கலை மேன், பஸ்ஸுக்குள்ள சாஞ்சு நிக்கறே. இடது பக்கக் கம்பியில சாயறே" என்றார் சார். கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஜோசியம் ஒன்றும் இல்லை. "ஆள் நம்ம மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்வான். இந்த பூட்ஸ் ரப்பருக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை" என்பார். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் வாசலில் கிடக்கும் செருப்புகளைத் திருப்பிப் பார்க்கக் கை பரபரக்கிறது. மனைவி திட்டுவாள்.

இப்போது நஞ்சப்பன் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

நஞ்சப்பனுக்கு ஹனூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். கொஞ்சம் நிலம், அதில் மல்பெரி. வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு புழு மனை. பட்டுப்புழு வளர்த்துக் கூட்டைச் சந்தையில் விற்றுப் பிழைக்கிற குடும்பம். அவரும் மனைவி பழனியம்மாவும்தான் வேலைக்காரர்கள், முதலாளிகள் எல்லாம். கரும்பு ஏற்றிய வண்டிச் சக்கரம் ஒருநாள் அவர் வலது பாதத்தின் மேல் ஏறிவிட்டது. புண் ஆறவே இல்லை. ஏன் ஆறவில்லை என்று பார்த்தபோதுதான் உடம்பில் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரே வகைக் கால்தான். தோல் உறை, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையில் கட்டுவதற்கு வார், மரப் பாதம், அதற்கு ஒரு கறுப்பு பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நடக்கப் பழகினார் நஞ்சப்பன். சீக்கிரம் பழகினார். கால் எலும்புக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது, எங்கேயும் சிவக்கவில்லை. போகும்போது எல்லோருக்கும் சொல்கிற எச்சரிக்கைகளை அவருக்கும் சொன்னேன். சர்க்கரை இருப்பதால் நல்ல காலில் முள் குத்தினாலும் தெரியாது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தக் காலில் மட்டும் தண்ணீர் படவே கூடாது, தோல் ஊறிப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். "சரிங்க சார், தண்ணியே காட்ட மாட்டனுங்க" என்றார். சொன்னபடி செய்கிற ஆள் என்று முகத்திலேயே தெரிந்தது.

சில மாதம் கழித்துப் புருஷன் பெண்டாட்டி இருவரும் வந்தார்கள். சார் வழக்கம்போலக் காலை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். திருப்பினார். வெகுநேரம் தடவினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். பூட்ஸின் அடிப்பக்கம் கிட்டத்தட்டப் புதுசாக இருந்தது. நடுப் பள்ளத்தில் கடையில் ஒட்டிய சீட்டின் பசைகூடப் போகவில்லை.

"இந்தக் கால் நடக்கவே இல்லை மேன்" என்றார்.

"தெனமும் போட்டுக்கிறனுங்க சார்" என்றார் நஞ்சப்பன்.

"யாக்கே சுள்ளு, ஏன் பொய் சொல்றீங்க நஞ்சப்பன்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைசூர்த் தமிழில் கோபம் வந்தால் பாதிக் கன்னடம்தான் வரும். "நாங்க இங்க வாரக்கணக்கா கஷ்டப்பட்டுப் பண்ணித் தர்றோம். நீங்க கொண்டுபோய் மூலையில வெச்சிருக்கீங்க!"

"மூலையில எங்கீங்க வெச்சோம்? வெடியால போட்டா பொழுதுக்கும் அதோடதான இருக்கறாரு" என்று பழனியம்மா முகம் சிவந்தாள். "அப்பப்ப கழட்டி வெச்சுட்டுத்தானுங்களே போகோணும்?"

எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் சார் குனிந்து நஞ்சப்பனின் இடது பாதத்தைக் கையில் எடுத்திருந்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். ஓரம் வெளுத்து, நடுவில் ஆழமாக. நஞ்சப்பனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு முழங்காலும் கறுத்துக் காய்த்துப்போயிருந்தன. உள்ளங்கையும் அப்படித்தான்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். உடனே படுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காலும் போய்விடும் என்று நேராகச் சொன்னார். நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "புழு நாலாவது ஜொரத்துல இருக்குதுங்க. கூடு கட்டட்டும், வந்து படுத்துக்கறேன்" என்றார். புழு தோல் உரிப்பதற்காகத் தின்னாமல் கிடக்கும் நாளை அந்தப் பக்கத்தில் ஜுரம் என்பார்கள். அந்த வீட்டில் புழுவுக்கு வரும் ஜுரத்துக்கு இருக்கும் மதிப்பு மனுஷனின் காலுக்கு இல்லையா என்று எனக்கு ஆத்திரம். அதன் பின்னால் இருந்த கணக்கைப் பழனியம்மாதான் வெளியே நின்று சொன்னாள். அவள் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இவரால் இனி முடியாது, நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டுவிட்டு எல்லோரும் திருப்பூர் வந்துவிடுங்கள், இவருக்கு வாசலில் உட்காருகிற வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். இந்த வளர்ப்பும் போய்விட்டால் அதுதான் கதி.

"ஒக்காந்துட்டார்னா அப்பறம் அவரு இல்லீங்க சார்" என்றாள்.

கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். சார் என்னிடம் வந்தார். "நீ போ மேன். ஒரு நாள் முழுக்க அவன் பின்னாலேயே சுத்து. வாயைத் திறக்காதே. கால் எங்கே போகுது, எங்கே நிக்குதுன்னு மட்டும் பார்" என்றார்.

கொள்ளேகால் போய், அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். பஸ் முழுக்கப் பக்தர்கள். நான் மலைக்குக் கீழேயே இறங்குகிறேன் என்றதும் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பாவி போலப் பார்த்தாள். நஞ்சப்பன் வீட்டில் வேலையெல்லாம் நிறுத்திவிட்டு விருந்து செய்யக் கிளம்பினார்கள். எனக்காக எதையும் மாற்றாதீர்கள், நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லி அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் வேடிக்கை ஆரம்பித்தது.

நஞ்சப்பன் கட்டிலில் உட்கார்ந்து வாரைக் கட்டிக் காலைப் போட்டுக்கொண்டார். பொய் இல்லை. முற்றத்தில் நன்றாக நடந்து மாட்டுக் கொட்டகை வரை போனார். கொட்டகை வாசலில் உட்கார்ந்தார், வாரை அவிழ்த்தார், காலைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார், உள்ளே நொண்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். வரப்பில் மறுபடி கழற்றினார். மல்பெரிச் செடியை வெட்டிவிட்ட அடிக்கட்டைகள் எல்லாம் கூராக நின்றன. அவற்றுக்கு நடுவே கட்டுப் போட்ட ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போய்த் தழை அறுத்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். களத்தில் கழற்றினார். வீட்டு வாசலில் கழற்றினார். கடைசியாகப் புழு மனை. வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்த தண்ணீர். நஞ்சப்பன் காலைக் கழற்றிவைத்தார், இடது பாதத்தைக் கட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் நுழைத்துத் தொட்டியில் நனைத்தார், பிறகு முழங்காலிலும் கையிலும் தவழ்ந்து உள்ளே போனார். தட்டுக்குத் தட்டு அப்படியே தவழ்ந்து தழை போட்டார்.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். பழனியம்மாவின் செருப்பு, என் செருப்பு, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியின் செருப்பு, அவற்றின் வரிசையில் பூட்ஸ் போட்ட ஒரு கால். அந்தக் காலுக்கு வேலை, ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு வந்து சேருவது. அவ்வளவுதான். அதன் அடி எப்படித் தேயும்?

உத்தரவை மீறி வாயைத் திறந்தேன். "ஏன் நஞ்சப்பன், அதைப் போட்டுக்கிட்டே உள்ள போறதுக்கென்ன?"

நஞ்சப்பன் தவழ்ந்தபடியே திரும்பி, நான் கிறுக்குப் பிடித்துப் பேசுகிறேனோ என்பது போலப் பார்த்தார். "செருப்போட எப்படிங்க சார் புழு வூட்டுக்குள்ள வாரது?"

"அது செருப்பில்லை மாராயா, கால்!"

"பூட்ஸ் மாட்டி, தோல் வெச்சுத் தெச்சிருக்குதுங்களே. இதையப் போட்டுக்கிட்டு மாட்டுக்கிட்ட போறதுங்களா? களத்த மிதிக்கறதுங்களா?"

"சரி, அதைக் கொஞ்சம் விடுங்க. இங்க தொட்டியில நனைச்சுட்டு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். தண்ணீர் படவே கூடாது என்று அவரிடம் சொல்லி அனுப்பியதே நான்தான். கால் கழுவாமல் உள்ளே போனால் வெளியே இருந்து நோய் வந்து புழு மொத்தமும் செத்துப்போகும். முந்தின வருஷம் ஒரு வளர்ப்பு அப்படித்தான் போயிற்றாம். நஞ்சப்பன் ஆஸ்பத்திரி சொன்னதையும் மீறவில்லை, புழு கேட்டதையும் மீறவில்லை. இரண்டையும் காப்பாற்றுகிறேன் என்று தன்னுடைய ஒரே நல்ல காலைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

பழனியம்மா தழைக்கூடையை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கழுவறாப்பல ஒண்ணு குடுத்தீங்கன்னா அது காலுங்க சார். கழுவக் கூடாதுன்னா அப்பறம் அது செருப்புதானுங்க" என்றாள்.

மைசூர் திரும்பி சாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. சுவரில் தொங்கிக்கொண்டிருந்த தோல் உறைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நாம ராணுவத்துக்குக் கால் பண்ணினோம் மேன். அங்கே எல்லாரும் பூட்ஸ்லதான் பொறந்தான்" என்றார்.

விரல்கள் உள்ள ரப்பர் பாதமும், தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக்கில் உறையும் வைத்துக் கால் செய்யும் முறை அப்போது வேறு ஊர்களில் பரவிக்கொண்டிருந்தது. செருப்பே இல்லாமல் நடக்கலாம், வயலில் இறங்கலாம். சார் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் பட்டறைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அவர் யாருக்கெல்லாமோ போன் செய்து ஒரு ரப்பர் பாதம் வரவழைத்தார். குழாய் வாங்க என்னை விவசாயச் சாமான் கடைக்கு அனுப்பினார். "போர்வெல் எத்தனை ஆழம் சார்?" என்று கேட்டார் கடைக்காரர். "முழங்காலுக்குக் கீழே" என்று நான் காட்டியதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழாயை வெட்டிக் கொடுத்தார்.

அதற்குள் நஞ்சப்பன் வந்து சேர்ந்தார். புழு கூடு கட்டிவிட்டது, கூடு நல்ல விலைக்குப் போயிருந்தது. ஆனால் புண் பெரிதாகியிருந்தது. எலும்பைத் தொட்டிருந்தால் காலை எடுக்க வேண்டும், சில வாரம் தரையில் ஊன்றாமல் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். நஞ்சப்பன் வார்டில் காலைத் தூக்கிவைத்துப் படுத்தார். பழனியம்மாவின் அண்ணன் திருப்பூரில் இருந்து வந்து கட்டிலருகே நின்று, "மாப்பளே, அடுத்த மழைக்குள்ள நெலத்துக்கு ஒரு முடிவு சொல்லிப்போடுங்க. வாரத்துக்குக் கேக்கறவன் காத்துக்கிட்டிருப்பானா?" என்றார். நல்ல மனுஷன்தான், தங்கை படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கேட்டார். நஞ்சப்பன், "புதுக் காலைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க மச்சான்" என்றார்.

எனக்குப் பெரிய சந்தேகம். இடது கால் நிற்குமா என்றே தெரியவில்லை. இரண்டும் போய்விட்டால் இப்போது செய்கிற காலின் அளவு, உயரம், கோணம் எல்லாம் மாறிவிடும். கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமா என்று சாரிடம் கேட்டேன்.

"அந்தக் கால் இருக்கும்னு நினைச்சுத்தான் மேன் இந்தக் காலைச் செய்யணும்" என்றார்.

அளவு எடுத்ததைச் சொல்ல வேண்டும். முதலில் ஈரத் துணியுறையை முழங்கால் வரை மாட்டி, அழியாத பென்சிலால் அதன் மேல் குறி போடுவேன். முழங்கால் சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் கயிறு போல ஒரு தசைநார் தட்டுப்படும். உடம்பின் பாரம் அங்கேதான் உட்கார வேண்டும். முன்னெலும்பின் விளிம்பும் அது முடிகிற நுனியும் எதையும் தொடக் கூடாது. அதன் மேல் சாந்துத் துணியைச் சுற்றி, அது இறுகும் வரை இரண்டு கட்டைவிரலையும் அந்தக் கயிற்றின் மேல் அழுத்திப் பிடித்திருப்பேன். சாந்து இறுகும்போது சூடாகும். சர்க்கரைக்காரர்களுக்கு அந்தச் சூடு தெரியாது என்பதால் சார் பக்கத்தில் நின்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார். உறையை உருவி எடுத்து, உள்ளே சாந்தை ஊற்றி அச்சு எடுத்தோம். பாரம் தாங்கும் இடத்தில் அச்சைச் சீவினோம், எலும்பு இருக்கும் இடத்தில் பூசி மேடாக்கினோம். இதெல்லாம் பழகிய வேலை. குழாய்தான் புதிது. ஆஸ்பத்திரியில் ஒதுக்கிப்போட்ட ஒரு பழைய அடுப்பில் அதைச் சூடேற்றினோம். வாடிய வாழையிலை போலத் தொய்ந்ததும் கையுறை போட்டுக்கொண்டு நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அச்சின் மேல் இழுத்தோம். முதல் தடவை மடிப்பு விழுந்து கெட்டுப்போயிற்று. சார் கன்னடம், தமிழ், குடகு மொழி மூன்றிலும் திட்டினார். இரண்டாம் தடவை வழுக்கிக்கொண்டு இறங்கி, அச்சைக் கவ்விப் பிடித்தது. உள்ளே மெத்தென்ற உறை வைத்தோம். தோல் வாருக்குப் பதில் நைலான் பட்டை தைத்தேன்.

வார்டில் புண் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனதும் கட்டுப் பிரிக்கிற நேரத்தில் நான் அங்கே போய் நிற்பேன். எனக்கும் அந்தப் புண்ணுக்கும் என்ன உறவு என்று நர்ஸ் கிண்டல் செய்வாள். ஒருநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "மூடிடுச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமான ஒற்றை வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை.

புதுக் காலைக் கொடுக்கிற நாளில் நஞ்சப்பன் அதைக் கையில் வாங்கியதும் சுண்டிப் பார்த்தார். "சார், இது போர் பைப்புங்களே!" என்று கத்தினார். நான் பார்க்க அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு ரப்பர் பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். மாட்டிவிடுகிறேன் என்று நான் குனிந்தேன்.

"இருங்க சார்" என்றாள் பழனியம்மா.

வெளியே போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பட்டறையின் நட்டநடுவில் அந்தக் காலை நிறுத்தி, சொம்பால் மொண்டு ஊற்றினாள். விரல் இடுக்கில் தேய்த்துக் கழுவினாள். பிறகு புருஷனுடைய இடது பாதத்தையும் அதே மாதிரி கழுவினாள். தண்ணீர் ஓடிச் சாந்து மூட்டை வரை போயிற்று. நான் சாரைப் பார்த்தேன். இப்போது கூரை பறக்கும் என்று நினைத்தேன். சார் மெதுவாகப் போய் மூட்டையைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

ஒரு சண்டை மட்டும் பாக்கி இருந்தது. சர்க்கரை இருக்கிற நல்ல காலை இனி ஒரு நாளும் வெறும் காலாக விட முடியாது. புழு மனைக்குள்ளும் செருப்பு வேண்டும் என்றேன். "அதெப்படிங்க? புதுசா இருந்தாலும் செருப்பு செருப்புதானுங்களே" என்று பழனியம்மா ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் நஞ்சப்பன்தான் வழி கண்டுபிடித்தார். தெருவையே மிதிக்காத ஒரு செருப்பு. மெத்தென்ற அடி வைத்து நான் செய்ததைப் பைக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுபோய், புழு மனைக்குள்ளேயே பிரித்து, அங்கேயே வைத்துக்கொள்வது. வெளியே வரவே கூடாது, அதுவும் தொட்டித் தண்ணீரில் குளிக்க வேண்டும். தோட்டத்துக்குத் தனியாக ஒரு ஜோடி. பழனியம்மா யோசித்துவிட்டு, "அப்பன்னா சரிங்க" என்றாள். ராஜாங்க ஒப்பந்தம் மாதிரி இருந்தது.

ஊருக்குப் போன பிறகு வெகுநாள் சேதி இல்லை. அடுத்த மழை முடிந்து நஞ்சப்பன் வந்தார், தயங்கித் தயங்கி. காலைக் கழற்றிக் கொடுக்கும்போதே, "கோவிச்சுக்காதீங்க சார், ரொம்பச் சேதம் பண்ணிப்புட்டனுங்க" என்றார். சார் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பினார். குதிகால் கரைந்து உள்துணி தெரிந்தது. விரல் நுனிகள் பிய்ந்திருந்தன. இடுக்குகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு, பாதம் பூராவும் தழைக் கறை. சார் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இடது பாதத்தையும் எடுத்துப் பார்த்தோம். கீறல்கூட இல்லை.

"நிலம்?" என்று கேட்டேன்.

"மச்சானுக்குச் சொல்லிப்போட்டனுங்க. நெலத்தக் குடுக்கறதில்லீன்னு. வேணும்னா நீங்க லீவுல வந்து தழை அறுத்துக் குடுங்கன்னு" என்றார் நஞ்சப்பன்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் பூட்ஸ் கால் குறைந்து, குழாய்க் கால் பெருகியது. இப்போது அதையும் தாண்டி எங்கேயோ போய்விட்டார்கள், போகட்டும், நல்லதுதான். கேமராவைக் காட்டிய அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் சொன்னேன். அளவை மிஷின் எடுக்கட்டும். நேரம் கிடைத்தால் ஒருநாள் பஸ் ஏறிப் போய், நீ செய்த கால் எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வா என்றேன். "ஆயித்து அங்கிள்" என்று தலையாட்டினாள். போவாள் என்றுதான் நினைக்கிறேன்.

சார் ஓய்வு பெற்ற வருஷம் நஞ்சப்பன் வீட்டில் இருந்து அழைப்பு வந்தது. புழு மனையைப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள், முதல் வளர்ப்பு உள்ளே போகிறது, இரண்டு பேரும் அவசியம் வர வேண்டும் என்று. அழைக்காமல் எங்கேயும் போகாதவர், அழைத்தாலும் போகாதவர் சார். அன்றைக்கு அதே பூட்ஸோடு எனக்கு முன்னால் பஸ் நிலையத்தில் வந்து நின்றார்.

புது மனையின் வாசலில் தொட்டி இருந்தது. சார் அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலுறையையும் கழற்றினார். அத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் அவருடைய வெறும் பாதத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளுத்து, சின்னப்பிள்ளைப் பாதம் மாதிரி இருந்தது. பழனியம்மா தண்ணீர் ஊற்ற, கழுவிக்கொண்டார். எழுந்தவர் வழக்கம் விடாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊர்க்காரர்களின் செருப்புகள், திருப்பூர் மச்சானின் செருப்பு, என் செருப்பு, கடைசியில் சாருடைய பூட்ஸ். செருப்புகள் மட்டும்தான் இருந்தன.

"அங்க என்னங்க சார் பாத்துட்டு நிக்கறீங்க?" உள்ளே தட்டுகளுக்கு நடுவில் இரண்டு காலில் நின்றுகொண்டு நஞ்சப்பன் கூப்பிட்டார். "காலக் கழுவிட்டீங்கன்னா உள்ள வாங்க."